பாட்டில் மொழியும் பண்பும்: தமிழ் வகுப்பிலிருந்து சில கேள்வி பதில்கள்

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் எடுப்பவள் நான். புதிதாகப் பணிக்கு வரும் ஆசிரியர்களும் பிள்ளைகளின் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் சில உண்டு. செய்யுளை எப்படி நடத்துவது, அதிலிருந்து மொழி எப்படி வரும், நீதி எப்படி வரும் என்பவை அவை. வகுப்பில் நடந்ததை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

மொழி கற்க உரைநடை போதாதா? செய்யுள் எதற்கு?

உரைநடைப் பாடத்தைப் பிள்ளைகள் ஒரு தடவை படிப்பார்கள், தேர்வுக்கு முன்னால் இன்னொரு தடவை. பாட்டைப் பத்துத் தடவை சொல்லச் சொன்னாலும் அலுப்பதில்லை. மொழி நாக்கில் படிவதற்கு அந்தப் பத்துத் தடவைதான் வேண்டும்.

இன்னொன்று, அளவு. ஒரு குறளில் ஏழே சீர். அதற்குள் ஒரு முழு எண்ணம் இருக்கிறது. "இனிய உளவாக இன்னாத கூறல் கனியிருப்பக் காய்கவர்ந் தற்று" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல சொல் இருக்கும்போது கடுஞ்சொல் சொல்வது, பழம் இருக்கும்போது காயைத் தின்பது போன்றது. இதில் 'இருப்ப' என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் படிக்கச் சொல்வேன். "கனி... காய் கவர்ந்தற்று." பொருள் இடிந்து விழுந்துவிடும். பழம் இல்லாதவன் காயைத் தின்றால் தப்பே இல்லை. பழம் பக்கத்திலேயே இருக்கிறதே, அதுதான் விஷயம். 'இருப்ப' புரிந்த பிள்ளைக்கு அந்தக் குறளின் நீதியும் புரிந்துவிட்டது. மொழிப்பாடம் ஒரு பக்கம், நீதிப்பாடம் ஒரு பக்கம் என்று நான் பிரிப்பதில்லை என்றால் அதற்குக் காரணம் இதுதான். சொல்லைச் சரியாகப் பார்க்க வைத்தாலே போதும், பண்பு அதற்குள்ளேயே இருக்கிறது.

எந்த வயதுக்கு எந்தப் பாட்டு?

சின்னப் பிள்ளைகளுக்கு நீதியே வேண்டாம், காட்சி போதும். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் "தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு - அங்கே துள்ளிக் குதிக்குது கன்றுக்குட்டி" பாட்டில் எந்த உபதேசமும் கிடையாது. மேயுது, குதிக்குது, நக்குது, குடிக்குது என்று வினைச்சொற்கள் வரிசையாக வருகின்றன. பசு நாவால் நக்குவதும் கன்று பால் குடிப்பதும் பிள்ளையின் மனதில் அன்பாகவே நிற்கும். அதை 'அன்பு' என்று பெயர் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

அடுத்து ஆத்திசூடி, பாரதியின் பாப்பா பாட்டு. ஆறாம் வகுப்புக்கு மேலே மூதுரை, குறள், நாலடியார். எட்டாம் வகுப்பிலிருந்து சங்கப் பாட்டில் ஒன்றிரண்டு. 'பிள்ளைகளுக்குக் கடினம்' என்று சங்கப் பாட்டை ஒதுக்காதீர்கள். சொல் கடினமாக இருக்கலாம், உணர்வு கடினம் இல்லை.

முதலில் பொருள் சொல்ல வேண்டுமா, வாசிக்க வேண்டுமா?

வாசிப்புத்தான் முதல். நான் ஒரு தடவை சீர் பிரித்துப் படிப்பேன், அப்புறம் சொல் பிரித்துப் படிப்பேன். இரண்டும் வேறு என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. புத்தகத்தில் "காய்கவர்ந் தற்று" என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து, 'தற்று' என்று ஒரு சொல் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். 'தற்று என்றால் என்ன டீச்சர்?' என்று வருடா வருடம் ஒரு குரல் வரும். கவர்ந்து + அற்று என்று கரும்பலகையில் உடைத்துக் காட்டினால் முகம் தெளியும். 'அற்று' என்றால் 'அது போன்றது'. பிறகு அவர்களே வேறு குறள்களில் அற்று எங்கே வருகிறது என்று தேட ஆரம்பிப்பார்கள்.

பொருளை உரைநூலிலிருந்து அப்படியே சொல்லிவிட்டால் தேட எதுவும் மிச்சமிருக்காது. தெரியாத சொல் இரண்டு மூன்றுக்கு மட்டும் பொருள் கொடுங்கள். மீதியை அவர்கள் கட்டட்டும்.

ழகர, ளகர உச்சரிப்புக்குப் பாட்டு உதவுமா?

நிறைய. "உழுதுண்டு வாழ்வாரே வாழ்வார்மற் றெல்லாம் தொழுதுண்டு பின்செல் பவர்" என்ற ஒரே குறளில் ழகரம் நான்கு இடத்தில் வருகிறது, கூடவே லகரமும் றகரமும். இதை வரிசையாக ஒவ்வொருவரும் சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் உடனே நிறுத்தாதீர்கள், முடிக்கவிட்டு நீங்கள் ஒரு தடவை சரியாகச் சொல்லுங்கள். உழுது, தொழுது என்று இரண்டாம் எழுத்து ஒத்து வருவதுதான் எதுகை என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். தனியாக ஒரு நாள் யாப்பு நடத்துவதைவிட இது நன்றாக நிற்கும்.

இலக்கணத்தைப் பாட்டிலிருந்து எடுக்க முடியுமா? பாட்டின் அழகு கெட்டுவிடாதா?

பாட்டைக் கேட்டு ரசித்த பிறகு எடுத்தால் கெடாது. ஆத்திசூடியே ஓர் இலக்கண வகுப்பு. கரவேல், விலக்கேல், விளம்பேல், இகழேல். எல்லாம் 'செய்யாதே' என்கிற பொருள். ஏல் என்பதைக் கழற்றினால் கர, விலக்கு, விளம்பு, இகழ் என்று வினை வெளியே வருகிறது. 'விளம்பு' என்றால் சொல் என்றதும் ஒரு பிள்ளை 'விளம்பரம்!' என்று கத்தினாள். அன்றைக்கு அவள் கண்டுபிடித்த சொல் அது. 'உடையது விளம்பேல்' என்பதற்கு 'உன்னிடம் இருப்பதை விளம்பரம் செய்துகொண்டு திரியாதே' என்று பொருளும் அவளே சொன்னாள். அதைவிட நல்ல உரை நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

'ஆறுவது சினம்' என்பதில் ஆறு என்பதை நதி என்றோ எண் என்றோ நினைக்கும் பிள்ளைகள் உண்டு. 'சூடான காபியை என்ன செய்வோம்?' என்று கேளுங்கள். ஆற்றுவோம், ஆறும். கோபமும் அப்படி ஆற வேண்டியது.

கடைசியில் 'இதிலிருந்து நாம் அறியும் நீதி' என்று சொல்ல வேண்டாமா? சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் புரியுமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் இதில் பல வருடம் தப்புச் செய்திருக்கிறேன்.

மூதுரையில் ஒரு வெண்பா:

"அடக்கம் உடையார் அறிவிலர் என்றெண்ணிக்
கடக்கக் கருதவும் வேண்டா - மடைத்தலையில்
ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும்
வாடி இருக்குமாம் கொக்கு."

அடக்கமாக இருப்பவர்களை ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைத்து ஜெயித்துவிடப் பார்க்காதே, வாய்க்கால் மடையில் சின்ன மீன்களை ஓடவிட்டுப் பெரிய மீன் வரும்வரை கொக்கு காத்திருக்கும். 'ஆகவே நாம் அடக்கமாக இருக்க வேண்டும்' என்று சொல்லி முடித்துவிடுவேன். மணியும் அடித்துவிடும்.

ஒரு தடவை ஏழாம் வகுப்பில் முடிப்பதற்குள் ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், கொக்கு அடக்கமா இல்ல. பசியா இருக்கு." வகுப்பு சிரித்தது. பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "மீனுக்கு அது எப்படி டீச்சர் அடக்கம்?" என்றாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், அப்புறம் பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு கட்சியாகப் பிரிந்து கால் மணி நேரம் பேசினார்கள். கடைசியில் பாட்டை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, பொதுவாக வாயே திறக்காத பிள்ளை, சொன்னாள்: "இது அடக்கமா இருன்னு சொல்லவே இல்லை டீச்சர். அடக்கமா இருக்கிறவங்கள லேசா நினைக்காதேன்னுதான் சொல்லுது."

திரும்பப் படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. 'கருதவும் வேண்டா' என்பது அடக்கமானவரைப் பார்த்துச் சொன்னதல்ல. அவரை முந்தப் பார்க்கிறவனைப் பார்த்துச் சொன்னது. பாட்டு யாரிடம் பேசுகிறது என்று நான் கவனிக்கவே இல்லை. வாய் திறக்காத பிள்ளை ஏன் அதைக் கவனித்தாள் என்று உங்களுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து நீதியை நான் சொல்வதில்லை. மூன்று கேள்வி மட்டும் கேட்பேன். இது யார், யாரிடம் சொல்வது? எந்தச் சொல்லை எடுத்தால் பாட்டு கெடும்? உனக்கு இதில் ஒத்துக்கொள்ள முடியாதது எது? மூன்றாவது கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். பிள்ளைகள் நீதியை மறுத்துப் பேசட்டும். மறுத்துப் பேசிய பாட்டைத்தான் அவர்கள் மறக்காமல் இருக்கிறார்கள்.

பழைய நூல்களில் இன்றைக்கு ஒத்துவராத வரிகள் வந்தால்?

ஒளிக்காதீர்கள். ஔவையின் ஆத்திசூடியில் 'தையல் சொல் கேளேல்' என்று ஒரு வரி இருக்கிறது. பெண் சொல்வதைக் கேட்காதே என்று நேராகப் பொருள்படும். மனைவி சொல்வதை யோசிக்காமல் அப்படியே செய்யாதே என்று உரை சொல்வோரும் உண்டு. எப்படிச் சொன்னாலும் வகுப்பில் இருக்கிற பெண் பிள்ளைகளின் முகம் மாறத்தான் செய்யும். 'சொன்னதே ஒரு பாட்டிதானே டீச்சர், அப்போ இதையும் கேட்கக் கூடாதா?' என்று ஒரு பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி.

அந்த இடத்தில் பாரதியின் புதிய ஆத்திசூடியை எடுத்துப் பக்கத்தில் வைப்பேன். அதில் 'தையலை உயர்வு செய்'. அதே எழுத்தில் தொடங்குகிற வரி, நேர் எதிர்ப் பொருள். அப்புறம் வரிசையாகத் தேடுவோம். ஔவை 'போர்த்தொழில் புரியேல்' என்றால் பாரதி 'போர்த்தொழில் பழகு' என்கிறார். அங்கே 'மீதூண் விரும்பேல்', இங்கே 'ஊண்மிக விரும்பு'. அங்கே 'ஆறுவது சினம்', இங்கே 'ரௌத்திரம் பழகு'.

யார் சொன்னது சரி என்று பிள்ளைகள் உடனே கேட்பார்கள். யார், எப்போது, யாருக்குச் சொன்னது என்று திருப்பிக் கேளுங்கள். நாடு அடிமைப்பட்டிருந்த காலத்தில், பயந்து ஒடுங்கியிருந்தவர்களைப் பார்த்துப் பாரதி பேசினார். சாப்பாடு போதாமல் மெலிந்திருப்பவனிடம் 'அதிகம் சாப்பிடாதே' என்றால் அது அறிவுரையா? நீதி என்பது யாருக்குச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தும் இருக்கிறது என்று பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. நம் மொழியிலேயே ஒரு கவி இன்னொரு கவிக்கு மறுமொழி சொல்லியிருக்கும்போது பிள்ளைகள் கேள்வி கேட்பதைப் பார்த்து நாம் ஏன் பயப்பட வேண்டும்?

'ஏற்பது இகழ்ச்சி' போன்ற வரி ஏழைப் பிள்ளைகளைப் புண்படுத்தாதா?

புண்படுத்தும், கவனமில்லாமல் நடத்தினால். பிச்சை எடுப்பது இழிவு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனால், சத்துணவுக்குத் தட்டோடு வரிசையில் நிற்கிற பிள்ளை என்ன நினைக்கும்? பள்ளியில் கிடைக்கும் சாப்பாடும் சீருடையும் பிச்சை அல்ல, உங்கள் உரிமை என்று அந்த இடத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள். கூடவே அதே ஆத்திசூடியின் 'ஐயமிட்டு உண்', 'ஈவது விலக்கேல்' இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

பெரிய வகுப்பு என்றால் வள்ளுவரின் கோபத்தைக் காட்டலாம். "இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்." பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழ வேண்டும் என்றால், இந்த உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்கிறார். குற்றம் கேட்பவன் மேல் இல்லை, கேட்க வைத்தவன் மேல். இந்தக் குறளைச் சொல்லும்போது வகுப்பில் ஓர் அமைதி வரும். ஒன்றும் விளக்காமல் அந்த அமைதியை அப்படியே விட்டுவிடுவேன்.

நீதியே சொல்லாத பாட்டால் பண்பு வளருமா?

என் அனுபவத்தில் அதில்தான் அதிகம் வளர்கிறது. புறநானூற்றில் பாரி மகளிர் பாட்டு, ஐந்தே அடி:

"அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே."

போன மாத நிலவில் அப்பாவும் இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் முரசறைந்து வென்ற அரசர்கள் மலையை எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டு, பாரி இறந்த பிறகு அவன் பெண்கள் பாடியது.

முதலில் பிள்ளைகளிடம், 'இதில் துக்கம் என்று பொருள்படும் சொல் எது? அடிக்கோடு இடுங்கள்' என்பேன். பென்சிலை வைத்துக்கொண்டு தேடுவார்கள். கிடைக்காது. அழுகை, துயரம், வருத்தம் எதுவும் இல்லை. பிறகு எப்படித் துக்கம் வருகிறது? அற்றை - இற்றை, அவ்வெண்ணிலவு - இவ்வெண்ணிலவு, உடையேம் - இலம். நிலவு அப்படியே இருக்கிறது, மற்றதெல்லாம் போய்விட்டது. இரண்டு எழுத்து மாறியதில் ஒரு மாதமும் ஒரு வாழ்க்கையும் மாறிவிட்டன. சுட்டெழுத்துப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

போரில் ஜெயித்தவர்களின் முரசுச் சத்தத்துக்கு நடுவே தோற்ற வீட்டுப் பிள்ளைகளின் குரலை நம் முன்னோர் கேட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அப்பாவை இழந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் முன்னாலேயே தனியாகக் கூப்பிட்டு, இப்படி ஒரு பாட்டு வரப்போகிறது என்று சொல்லிவிடுங்கள். நான் ஒரு தடவை சொல்லாமல் விட்டு வருந்தியிருக்கிறேன்.

மனப்பாடம் வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும். புரிந்து, ரசித்த பிறகு. 'அடி மாறாமல் எழுதுக' என்ற கேள்விக்காக மட்டும் மனப்பாடம் செய்தது தேர்வறை வாசலோடு போய்விடும். நான் பத்துப் பாட்டைக் கொடுத்துப் பிடித்த மூன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். தானே எடுத்ததைப் பிள்ளை விடாது. எழுதிப் பார்ப்பதற்கு முன் நடந்துகொண்டே சொல்லிப் பார்க்கட்டும்.

குறளை நூறு தடவை எழுது என்று தண்டனை கொடுக்கலாமா?

கூடாது. பாட்டைத் தண்டனையாக்கினால் பாட்டின் மேல் வெறுப்புத்தான் வரும்.

பணிக்கு வந்த புதிதில், ஒரு பள்ளியில், 'இனிய உளவாக' குறளை ஒப்பிக்கத் தெரியாத ஒரு பையனை எழுப்பி நிறுத்தி வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் தலை குனிந்து நின்றான். கரும்பலகையில் என் கையெழுத்தில் அந்தக் குறள் இருந்தது. திட்டி முடித்துத் திரும்பியபோது அதைப் படித்தேன். மறுநாள் வகுப்பு முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இருபது வருடமாகிறது, இப்போதும் அந்தக் குறளை நடத்தும்போது அவன் முகம் வரும்.

பிள்ளைகளை எழுத வைப்பது எப்படி?

'ஒரு கவிதை எழுது' என்றால் எல்லோரும் நிலாவையும் ரோஜாவையும் எழுதுவார்கள். ஒரு வடிவம் கொடுங்கள். ஆத்திசூடி அதற்கு அருமையானது. அகர வரிசை, இரண்டு மூன்று சொல், ஒரு கட்டளை. பாரதி எழுதினார், அவருக்குப் பின் பாரதிதாசனும் எழுதினார், அடுத்து உங்கள் ஏழாம் வகுப்பு எழுதட்டும். எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டியதில் சில: 'இடம் கொடு', 'ஊற்றும் குழாயை மூடு', 'எட்டிப் பார்க்காதே', 'ஏன் என்று கேள்', 'ஒட்டுக் கேட்காதே'. இதில் குழாய் வரியை எழுதியவன் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற தெருவிலிருந்து வருகிறவன். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், எண்ணத்தைத் திருத்தாதீர்கள்.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை. இதற்கெல்லாம் எங்கே போவது?

எல்லாச் செய்யுளையும் இப்படி நடத்த முடியாது, நானும் நடத்துவதில்லை. பருவத்துக்கு இரண்டு போதும். இரண்டை இப்படிப் படித்த பிள்ளை மற்றதைத் தானே இப்படிப் பார்க்கப் பழகிவிடும். 'இலக்கிய நயம் பாராட்டுக' என்ற கேள்விக்கும் 'மோனை பயின்று வந்துள்ளது' என்ற பொதுவிடையை எழுதாமல், எங்கே, எதற்கு வந்தது என்று எழுதும்.

ஆங்கில வழியில் படிக்கும் என் பிள்ளைக்குத் தமிழ் தடுமாறுகிறது. வீட்டில் என்ன செய்யலாம்?

எழுத்தை விடுங்கள், காதிலிருந்து தொடங்குங்கள். தூங்கப் போகும்முன் ஒரு பாட்டு, சத்தமாக. அதே பாட்டை ஒரு வாரம். உங்கள் அம்மாவோ மாமியாரோ ஆத்திசூடி சொல்லக்கூடியவர் என்றால் அந்த வேலையை அவரிடம் கொடுங்கள், அவர் குரலில் சொன்னால் இன்னும் நன்றாக நிற்கும்.

இதனால் பிள்ளைகளின் நடத்தை உண்மையிலேயே மாறுகிறதா?

2016-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பள்ளிப் பாடத்தில் சேர்க்கச் சொன்னது. நல்ல விஷயம். ஆனால் பாடத்தில் வந்ததெல்லாம் நடத்தையில் வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டு ஒரு விதை மாதிரிகூட இல்லை, போட்டால் முளைக்கும் என்று சொல்வதற்கு. சில சமயம் மட்டும் எதிர்பாராத இடத்தில் கண்ணில் படும்.

போன வருடம் எட்டாம் வகுப்பில் கபடி விளையாட்டில் சண்டை. ஒருவன் இன்னொருவனின் வீட்டைச் சொல்லி ஏதோ கெட்ட வார்த்தை ஆரம்பித்தான். நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன், இறங்கிப் போவதற்குள் அவன் கட்சிப் பையனே அவன் தோளைப் பிடித்து இழுத்து, "டேய், காய்!" என்றான். இவன் வாயை மூடிக்கொண்டான். எனக்கு முதலில் புரியவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைதான் சொன்னாள்: "பழம் இருக்கும்போது காய் திங்கிறான்ல டீச்சர், அதான். எங்க வகுப்புல இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்."